வாலாஜா தாண்டுவதற்குள் முடிக்க வேண்டிய பணக் கணக்கு

வேலூர்ப் பகுதியில் வெளிநாட்டுப் பயணம் இப்போது அரிய செய்தி இல்லை. தோல், காலணி வியாபாரத்துக்காக மிலானுக்கும் ஹாங்காங்குக்கும் செல்பவர்கள், மேல்விஷாரத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் உம்ரா என்னும் மக்கா புனிதப் பயணத்துக்குப் புறப்படுபவர்கள், மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் செல்லும் தாய்மார்கள் என்று ஏதாவது ஒரு வீட்டில் பெட்டி கட்டும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிவதால், இப்படிச் செல்பவர்களுக்குப் பண ஏற்பாடு செய்து கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடமே வருகிறது. சில பயணங்களில் நானும் உடன் சென்றிருக்கிறேன். வெளியூரில் நம் பணம் கரைவதில் பெரும்பங்கு நாம் அதைச் செலுத்தும் முறையால் ஏற்படுகிறது என்பதையும், அதைப் பெருமளவு ஊரிலிருக்கும்போதே, சென்னை விமான நிலையம் போகும் வழியில் வாலாஜாவைத் தாண்டுவதற்குள், சீர்செய்துவிட முடியும் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மிலானில் ஒரு கடையில் என்னுடன் வந்த இளம் ஊழியர் தன் மனைவிக்கு ஒரு கைப்பை வாங்கினார். விற்பனையாளர் நீட்டிய கார்டு இயந்திரத்தின் திரையில் இரண்டு தொகைகள் தெரிந்தன: மேலே ரூபாய், கீழே யூரோ. ரூபாய்த் தொகைக்கு நேராகப் பச்சைப் பொத்தான். “அண்ணா, நம்ம ரூபாயிலேயே காட்டுதே, இதுவே நல்லதுதானே?” என்று கேட்டார். “வேண்டாம் தம்பி, யூரோவையே அழுத்து” என்றேன். அந்த ரூபாய்த் தொகையைக் கணக்கிடுவது நம் வங்கி அன்று. கடைக்காரருக்குச் சேவை வழங்கும் நிறுவனம் தன் விருப்பப்படி ஒரு மாற்று விகிதத்தை வைத்து, அதற்குள்ளேயே தன் லாபத்தையும் சேர்த்துத்தான் அதைக் காட்டுகிறது. போதாக்குறைக்கு, வெளிநாட்டில் ரூபாயில் முடிக்கப்பட்ட பரிவர்த்தனைக்கு நம் நாட்டு வங்கிகள் பலவும் தனிக் கட்டணம் விதிக்கின்றன. தெரிந்த நாணயத்தில் தொகையைப் பார்த்ததும் மனம் நிம்மதி அடைவது இயல்புதான். அந்த நிம்மதிக்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போதும் இதே கேள்வி வேறு வடிவில் வரும். அங்கே மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டால், மறுத்துவிட்டாலும் பணம் வரும். கணக்கீடு நம் வங்கியின் விகிதத்தில் நடக்கும்.

அடுத்து, எந்தக் கார்டு என்பது. சாதாரணக் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதமாக இருக்கிறது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்போது 4.13 சதவீதம் ஆகிறது. அதாவது ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் 4,130 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே அன்றாடச் செலவுக்கு, செல்லும் நாட்டின் நாணயத்திலேயே பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு நல்லது. யூரோ ஏற்றிய கார்டை ஹாங்காங்கில் தேய்த்தால் மீண்டும் மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. விடுதி முன்பணத்துக்கு மட்டும் கிரெடிட் கார்டைக் கொடுப்பதே என் வழக்கம். விடுதிகள் ஒரு தொகையை முடக்கிவைத்து, அறையைக் காலி செய்த பிறகே விடுவிக்கும். விடுவித்த தொகை திரும்பத் தெரியச் சில நாட்கள் ஆகும். ஃபாரெக்ஸ் கார்டில் அப்படி முடங்கினால், சாப்பாட்டுக்கு வைத்த பணமே கைக்கு எட்டாமல் போகும். கிரெடிட் கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக வழங்கப்படும் டெபிட், கிரெடிட் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாம்தான் இயக்க வேண்டும். உச்சவரம்பையும் அங்கேயே குறிக்கலாம். வெளிநாட்டு இணையதளங்கள் பலவும் ஓடிபி கேட்காமலேயே பணத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், இணையவழிப் பயன்பாட்டைத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறப்பது பாதுகாப்பு. வங்கியோடு இணைந்த சிம்மில் ரோமிங்கை ஊரிலேயே இயக்கிவிட வேண்டும். அது இல்லாமல் ஓடிபியும் வராது, பணம் போன தகவலும் வராது.

ரொக்கத்தைப் பொறுத்தவரை, விமான நிலையம் வரை காத்திருப்பது வீண். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வங்கதேசத்திலிருந்து வரும் நோயாளிகளால், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நாணய மாற்றுக் கடைகள் பல உள்ளன. ரிசர்வ் வங்கி உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, ரசீதோடு வாங்கலாம். 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் ரூபாயை ரொக்கமாகவே கொடுக்க முடியும். அதற்கு மேல் வங்கி வழியாகத்தான் செலுத்த வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்புள்ள நோட்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். மீதி கார்டில் இருக்க வேண்டும். இத்தாலியில் ரொக்கம் அதிகம் தேவைப்படுவதில்லை. மிலான் மெட்ரோவில் கார்டைத் தொட்டே உள்ளே போகலாம், வெளியேறும்போதும் அதே கார்டையே தொட வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். விடுதிகளில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். அதற்குச் சில யூரோ நோட்டுகள் உதவும்.

ஹஜ், உம்ரா பயணிகளுக்கு இந்த 3,000 டாலர் வரம்பு இல்லை. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொண்டுசெல்ல விதி இடம் தருகிறது. ஆயினும் பெரியவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, அப்படிச் செய்யாதீர்கள் என்பதே. ஆண்கள் அணியும் இஹ்ராம் துணியில் பை கிடையாது. இடுப்பில் கட்டும் வாரின் சிறு பையில் பாஸ்போர்ட், கைபேசி, பணம் மூன்றையும் திணித்துக்கொண்டு அத்தனை நெரிசலில் தவாஃப், அதாவது கஅபாவைச் சுற்றிவருவது, எவ்வளவு கவலை தரும் என்பதைச் சென்றுவந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு நாள் செலவுக்கான ரியாலை மட்டும் உடலோடு வைத்து, மீதியைக் கார்டிலும் உடன் வருபவரிடமும் பிரித்து வைக்கலாம்.

யுபிஐயை நம்பி மட்டும் கிளம்பக் கூடாது. இலங்கை, மொரிஷியஸ், நேபாளம், பூடான், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் முதலிய இடங்களில் அது வந்திருக்கிறது. பிரான்சில் 2024-இல் ஈஃபிள் கோபுரத்தில் தொடங்கியது. ஆனால் இந்த இடங்களிலும் எல்லாக் கடைகளிலும் அது செல்லும் என்று சொல்ல முடியாது.

திரும்பி வந்தபின் மிஞ்சிய நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். சில்லறைக் காசுகளை இங்கே மாற்றுவது கடினம் என்பதால், கடைசி நாளில் விமான நிலையக் கடையில் அவற்றை முதலில் கொடுத்து, குறையும் தொகையைக் கார்டில் செலுத்தச் சொல்லி நான் எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.