தீயணைப்பை முதலில் போட்டேன்

காரைக்குடிப் பக்கம் சீருடை வேலைக்குத் தயாராகிற பையன்களைக் கேட்டால் எல்லாரும் 'போலீஸ்' என்றுதான் சொல்வார்கள். ஃபயர் சர்வீஸ் கிடைத்தால் 'சரி, இதாவது கிடைச்சுதே' என்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்துவது ஒரே தேர்வுதான். எந்தத் துறை வேண்டும் என்று விருப்ப வரிசை கேட்பார்கள். நான் தீயணைப்பை முதலில் போட்டேன். அத்தைக்கு அதில் பெரிய மனக்குறை. "மாடு கிணத்துல விழுந்தா தூக்கப் போறவனுக்கு யாருடா பொண்ணு குடுப்பா?" என்று கேட்டது.

நான் எழுதியது 2023 அறிவிப்பில். மொத்தம் 3,359 இடம், அதில் தீயணைப்பாளர் 674, ஆண்களுக்கு மட்டும். படிப்பு பத்தாம் வகுப்பு போதும். வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28, பட்டியல் வகுப்பினருக்கு 31. முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண். அதில் 32 எடுக்கவில்லை என்றால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தேர்வு 70: பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்றதும் மிரள வேண்டாம், பாதிக்கு மேல் கணக்கும் புதிரும்தான். பொது அறிவுக்குப் பள்ளிப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், கோச்சிங் போகவில்லை.

ஆள் கழிவது கிரவுண்டில். உயரம் 170 செ.மீ. (பட்டியல் வகுப்பினருக்கு 167), மார்பு 81, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஓட்டம் நம் பையன்களுக்குப் பிரச்சினையே இல்லை, கண்மாய்க் கரையே போதும். கயிறுதான் எமன். 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார் (உடல்திறன் தேர்வுக்கான புள்ளி), 6 மீட்டர் என்றால் இரண்டு. ஊரில் ஏறிப் பழகக் கயிறு ஏது? கிணற்றுக் கயிறு மெலிசு, உள்ளங்கையை அறுத்துவிடும். கடைசியில் கோவிலில் கழித்துப் போட்ட தேர்வடத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புளியமரத்தில் கட்டினோம். ராணுவத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்: "தம்பி, கைய நம்பாத, காலைப் பூட்டு." வலது காலைச் சுற்றி வரும் கயிற்றை இடது பாதத்தால் அமுக்கிப் பிடித்தால் உடம்பு நிற்கும், அப்புறம் கையை மேலே மாற்றினால் போதும். இறங்கும்போது சறுக்கக் கூடாது, தோல் வழண்டுவிடும். வழண்டால் ஒரு வாரத்துக்குச் சோற்றைப் பிசையவே முடியாது.

அப்புறம் காகிதங்கள். ஒன்று முதல் பத்து வரை தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்தச் சான்றை இரண்டு பள்ளி மாறியவர்கள் இரண்டிலும் வாங்க வேண்டும். தேதி நெருங்கியபின் அலையாதீர்கள். போலீஸ் விசாரணையும் உண்டு. நம் பக்கம் அனுமதி இல்லாத மஞ்சுவிரட்டில் நின்றதற்கு வழக்கு வாங்கிய பையன்கள் நிறைய. வழக்கு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் வழக்கைவிட அதுதான் பெரிய வில்லங்கம். மருத்துவத்தில் நிறக்குருடு, தட்டைப் பாதம் எல்லாம் பார்ப்பார்கள். காசு கட்டிப் படிக்கப் போகும் முன்னே கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

பயிற்சியில் ஏணி, முடிச்சு, பம்ப், முதலுதவி. தண்ணீர் அழுத்தம் ஏறியதும் ஹோஸ் முனையில் தண்ணீர் பீய்ச்சும் குழலை, அதாவது பிராஞ்சை, ஒற்றை ஆளாகப் பிடித்துப் பாருங்கள், ஆளையே பின்னால் தள்ளும். அதனால்தான் பின்னால் இன்னொருவர் தோள் கொடுத்து நிற்கிறார்.

வேலைக்கு வந்தபின் தெரிந்தது, தீயைவிட மற்ற அழைப்புகள்தான் அதிகம். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டு முகப்பில் கதண்டு (பெரிய குளவி) கூடு, வளவுக்குள் (வீட்டு உள்முற்றத்தில்) பாம்பு, அத்தை சொன்ன மாடும்தான். கதண்டுக்கு இருட்டியபின்தான் போவோம். பகலில் கலைத்தால் தெருவே கொட்டு வாங்கும்.

அடிப்படைச் சம்பளம் 18,200-இல் தொடங்கும். டிகிரி முடித்தவர்களுக்கு நிலைய அலுவலர் வேலை உண்டு, 2023-இல் அதற்கு எஸ்.ஐ. தேர்வோடு சேர்த்து ஆள் எடுத்தார்கள். நான் இப்போது அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.