நைட்ரஜன் சிலிண்டரும் மாந்தோப்பும்

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளில் இலையின் நீர் அழுத்தத்தை அளக்கும் வேலை சில கோடைகள் என் பொறுப்பில் இருந்தது. கோழி கூவுவதற்கு முன்பே நைட்ரஜன் சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தோப்புக்குப் போய்விட வேண்டும். இலையைப் பறித்து இரும்புக் கலத்துக்குள் வைத்து, வெட்டிய காம்பு மட்டும் மூடிக்கு வெளியே நீட்டியிருக்கும்படி இறுக்கி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவோம். காம்பில் நீர் கசியும் நொடியில் மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. மரம் எவ்வளவு பலமாக நீரை இழுத்துக்கொண்டிருந்ததோ அவ்வளவு அழுத்தம் கொடுத்தால்தான் அது வெளியே வரும்.

மாவில் ஒரு தொல்லை உண்டு. நீருக்கு முன்னால் பால் வந்துவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் வால்வை மூடிவிடுவார்கள். மை ஒற்றும் தாளால் பாலை ஒற்றி எடுத்துவிட்டு லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும். பால் ஓரத்துப் பட்டையிலிருந்து வருவது. அது ஓய்ந்த பிறகும் நடுக்கட்டை உலர்ந்தே இருக்கும், பிறகு திடீரென நனைந்து மினுங்கும். அந்த மினுக்கத்தைத் தவறவிட்டால் இலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பறிக்க வேண்டியதுதான்.

இந்தக் கருவியைப் பரவலாக்கிய ஷோலாண்டர் குழுவின் கட்டுரை 1965இல் வந்தது. வானளாவிய டக்ளஸ் ஃபிர் மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு இறக்கி அளந்தார்கள். எங்களுக்குத் தொரட்டியே போதும்.

விடியுமுன் 4, 5 பார் காட்டும் மரம் உச்சிவெயிலில் 15ஐத் தாண்டுவது சாதாரணம். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். இவ்வளவு இழுவையில், வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் சைலக் குழாய்க்குள் நீர்த்தம்பம் அறுந்து காற்று புகுந்துவிட்டால் அந்தக் குழாய் பயனற்றுப்போகும். அதற்கு இடம் கொடுக்காமல் மரம் இலைத்துளைகளை ஒடுக்குகிறது. மா இலையில் அவை பெரும்பாலும் அடிப்பக்கத்தில், சதுர மில்லிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு காப்பு செல்கள் ஆள்கின்றன. பொட்டாசியம் உள்ளே போனால் கூடவே நீரும் போய், செல்கள் உப்பித் துளை திறக்கும். வறட்சியில் சுரக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இதைத் தலைகீழாக்கி மூடவைக்கும்.

மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. காற்றில் அது 0.04 சதவீதம்தான். அந்தச் சொற்பத்துக்காகத் துளையைத் திறந்துவைத்துத்தான் மரம் குடித்த நீரில் பெரும்பங்கை ஆவியாக விடுகிறது. காலையில் நன்றாகத் திறந்திருந்த துளைகள் மதியம் ஒடுங்கிவிட்டதை, துளைத் திறப்பை அளக்கும் போரோமீட்டர் காட்டும்போது, வெயில் கொட்டிக் கிடக்கிற நேரத்தில் மரம் அரைப்பட்டினி கிடக்கிறதே என்று தோன்றும்.

ஒரு தோட்டக்காரர் தினமும் கேட்பார்: "தம்பி, இந்த வெயிலுக்கு மரம் வாடுதே, தண்ணி விட்டுரலாமா?" அவர் காட்டியது தொங்கிக்கொண்டிருந்த செங்கொழுந்தை. மாங்கொழுந்து பிறவியிலேயே அப்படித்தான் தொங்கும் என்றால், "அது எனக்குத் தெரியாதாக்கும்? மரத்தப் பத்திக் கேட்டா கொழுந்தப் பத்திச் சொல்றீங்க" என்பார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் மதியத் துளைமூடலுக்கு மண் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் காற்று கொள்ளக்கூடிய நீராவி முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது, அதற்கேற்ப இலையிலிருந்து உறிஞ்சுகிறது. ஈர மண்ணில் நிற்கும் மரமும் அப்போது துளையை ஒடுக்கும். வேருக்குக் கீழே உண்மையில் என்ன இருக்கிறது என்பதை விடியுமுன் எண்தான் சொல்லும். இரவெல்லாம் துளைகள் ஏறக்குறைய மூடிக் கிடப்பதால் அதற்குள் மரமும் மண்ணும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்துக்கு வந்திருக்கும். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் தண்ணீர் பாய்ச்சுங்கள், அசையாமல் நின்றால் மதிய வாட்டத்தைப் பார்த்து மோட்டார் போட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். பூப்பதற்கு முந்தைய மாதங்களில் வேண்டுமென்றே காயப்போடுகிறவர்தான் அவர், அதனால் பாதி ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருந்தது. மீதிக்கு, காலை அளவெடுப்பின்போது பக்கத்தில் வந்து நின்று மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.