நாலு மில்லிசெக்கன் மௌனம்

'எடு', 'எட்டு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'எட்டு' சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சத்தமில்லாமல் நிற்கும். காது பிடிப்பது அந்த இடைவெளியைத்தான். பீப் ஒலி கேட்கும் வழக்கமான சோதனை இதை அளக்காது. வெடியதிர்வுக்குள் அகப்பட்டவர்களில் சிலருக்கு அந்தச் சோதனை சரியாக வந்தாலும் நேர நுணுக்கம், அதாவது ஒலிக்கு நடுவே வரும் மிகச் சிறு இடைவெளியைப் பிடிக்கும் திறன், குறைந்திருக்கலாம். 2009இல் சிறு பிள்ளைகளாக வன்னியில் இருந்தவர்கள் இன்று இளைஞர்கள் என்பதால், இங்கே இதைச் செய்துபார்க்கத் தனிக் காரணம் இருக்கிறது.

அதை அளக்க, ஃபிராங்க் மியூசிக் (Musiek) என்ற கேட்டல் ஆய்வாளரின் குழுவினர் 2005இல் வெளியிட்ட 'காப்ஸ் இன் நொய்ஸ்' (இரைச்சலில் இடைவெளிகள்) முறைதான் பரவலாகப் பயன்படுகிறது. 6 செக்கன் வெள்ளை இரைச்சல் (எல்லா அதிர்வெண்களும் கலந்த 'ஸ்ஸ்' சத்தம்), பிறகு 5 செக்கன் ஓய்வு. ஒவ்வொரு துண்டிலும் இடைவெளி ஒன்று, இரண்டு, மூன்று இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இடைவெளி கேட்கும்போதெல்லாம் கேட்பவர் பொத்தானை அழுத்தவேண்டும். நீளங்கள் 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 20 மில்லிசெக்கன். ஒவ்வொன்றும் ஆறு தடவை. ஆறில் நாலையாவது பிடித்த மிகக் குறுகிய இடைவெளியே அந்தக் காதின் எல்லை. இளம் வயதினருக்கு அது ஏறத்தாழ 5 மில்லிசெக்கனில் நிற்கும்.

ஓடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் நீங்களே செய்து பழகலாம். செக்கனுக்கு 44,100 மாதிரிகள் (ஒலியைப் பதியும் மிகச் சிறு துண்டுகள்) என்ற வேகத்தில் 4 மில்லிசெக்கன் என்றால் 176 மாதிரிகள். அத்தனையைத் தெரிவுசெய்து அமைதியாக்குங்கள். இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே அரைச் செக்கனாவது விடுங்கள். சேமிப்பது ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகத்தான். எம்பி3 ஆக்கினால் சுருக்கும்போது பக்கத்து இரைச்சல் இடைவெளிக்குள் கசியும். புளூடூத் ஹெட்போனும் ஒலியைச் சுருக்கியே அனுப்புகிறது. வயர் ஹெட்போன் போதும். சந்தேகமென்றால் ஹெட்போன் துளையில் வருவதை வயரால் திரும்பப் பதிந்து அலையைப் பெருப்பித்துப் பாருங்கள்: பள்ளத்தின் அடி தட்டையாக இருக்கவேண்டும்.

வெள்ளை இரைச்சலையே எடுப்பதற்கும் காரணம் உண்டு. தனிச் சுருதியைச் சடாரென்று வெட்டினால் 'டிக்' என்றொரு சத்தம் வரும். அப்போது கேட்பவர் பிடிப்பது இடைவெளியை அல்ல, டிக்கை. வெள்ளை இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் ஏற்கெனவே இருப்பதால் அந்த டிக் தனியாகத் தெரியாது.

ஒலியளவு: அந்த இரைச்சல் மட்டுமட்டாகக் கேட்கும் நிலையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 50 டெசிபல் கூட்டுங்கள். சத்தம் குறைந்தால் எல்லை ஏறிவிடும். அதைக் காதின் குறையென்று எழுதிவைக்கக் கூடாது.

அறையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஃபேன் ஓடினால் அந்த நாலு மில்லிசெக்கனை ஃபேன் சத்தம் நிரப்பிவிடும். தகரக் கூரையில் மழை விழுந்தால் சோதனையை நிறுத்துங்கள். கிளிநொச்சி அறிவியல் நகர் மாதிரி ஏ9 வீதியோரத்து இடமென்றால் பஸ்சும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் குறைந்த நேரம் பார்த்து, வீதிக்குத் தள்ளியுள்ள அறையில் வையுங்கள்.

பொத்தானை ஊகத்தில் அழுத்துபவர்களை இடைவெளியில்லாத துண்டுகள் காட்டிக்கொடுக்கும். அப்படி நடந்தால் 20 மில்லிசெக்கன் இடைவெளியைப் போட்டுக் காட்டி, விளக்கி, முதலிலிருந்து தொடங்குங்கள். காதுகளைத் தனித்தனியே சோதியுங்கள், நடுவில் ஓய்வு கொடுங்கள். தூக்கக் கலக்கத்தில் வரும் எண்ணை நம்ப முடியாது. இன்னொரு நாளும் எல்லை 8, 10 மில்லிசெக்கன் என்றே நின்றால், கேட்டல் பரிசோதகரிடம் அனுப்புங்கள். வீட்டுக் கோப்பை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டவேண்டாம்.