மறுப்புக் கடிதத்துக்குப் பிறகு

மார்ச் 4
மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. "கைகளைப் பயன்படுத்துவதில் குறிப்பிடத்தக்க சிரமம் காணப்படவில்லை." நேர்காணலன்று பையைத் திறந்து காகிதங்களை நானே எடுத்துக் கொடுத்தேனாம். கொடுத்தேன்தான். அன்று ராத்திரி ஸ்பூன்கூடப் பிடிக்க வராமல் தங்கை ஊட்டிவிட்டதை யார் பார்த்தார்கள்? மேல்முறையீட்டுக் கெடு 30 நாள், அதுவும் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து.

மார்ச் 6
மதிப்பீட்டு அறிக்கையின் முழு நகலையும் என் மருத்துவக் குறிப்புகளையும் கேட்டு எழுதிப் போட்டேன். எதை மறுக்கிறோம் என்று தெரியாமல் மறுத்து எழுதக் கூடாது.

மார்ச் 13
குறிப்புகள் வந்தன. மூட்டுகள் வீங்கி விறைக்கிற இந்த முடக்குவாதம் வந்த புதிதில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், இந்த நோய்க்காகப் பார்க்கும் ஆர்.எஃப். என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றும் வரலாம், எனக்கு இரண்டுமே அப்படித்தான். அது தெரிந்த விஷயம். மனசை அறுத்தது வேறு. "நலமாக இருப்பதாகச் சொன்னார்" என்று நான்கு இடத்தில் இருக்கிறது. டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டபோதெல்லாம் "பரவாயில்லை டாக்டர்" என்று வாய்ப்பழக்கத்தில் சொன்னவள் நான்தானே.

மார்ச் 19
எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆறு நாளாக நோட்டில் எழுதுகிறேன். இன்று காலை சட்டையில் ஏழு பட்டன், 14 நிமிடம். மூன்றாவதில் விரல் மடங்க மறுத்தது, கையை வெந்நீரில் வைத்திருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஐந்தாவது பட்டனைத் துளை மாற்றிப் போட்டுவிட்டேன், அவிழ்க்கத் தெம்பில்லை, அப்படியே விட்டேன். நேற்று நல்ல நாள், 5 நிமிடம். அதையும் எழுதிவிட்டேன். கெட்ட நாளை மட்டும் எழுதினால் என்னையே நான் நம்பமாட்டேன்.

மார்ச் 22
டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். நோயின் பெயரை மட்டும் எழுதாமல், எதைச் செய்ய முடியவில்லை, செய்தால் எவ்வளவு நேரம், மறுபடி உடனே செய்ய வருமா, இதையெல்லாம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

மார்ச் 26
தங்கையும் சாட்சிக் கடிதம் எழுதுகிறாள். பாதியில் நிறுத்தி, "அக்கா, நீ தாழ்ப்பாள் போடாமல் குளிக்கிறதை எழுதட்டுமா?" என்று கேட்டாள். உள்ளே போட்டால் திறக்க வராதே என்ற பயம், யாரிடமும் சொன்னதில்லை. அவள் அந்த நேரமெல்லாம் வெளியே நின்றிருக்கிறாள். எழுது என்றேன்.

மார்ச் 29
பக்க எண் போட்டு, எல்லாவற்றையும் நகல் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. ரசீதை நோட்டின் உள்ளட்டையில் தங்கை ஒட்டி வைத்தாள்.