கரையில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்: சாரல் கால நாட்குறிப்பு

மே 3, 2025

நாளை கத்திரி தொடங்குகிறது. ஆறு ஒடுங்கி, பாறை இடுக்குக் கசங்களில் (ஆழமான மடுக்களில்) மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும் காலம். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பாபநாசம், மணிமுத்தாறு, கடையம் பக்கம் தண்ணீரை ஒட்டி விடுதி நடத்துகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். மலையடிவாரம் காயக் காய, விடுதித் தோட்டம்தான் அந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் ஈரம். சொட்டுநீர்க் குழாய், ஏசி தண்ணீர் ஒழுகும் மூலை, துவைகல் இங்கெல்லாம் தவளை சேரும். சமையற்கட்டுக் கழிவுக்கு எலி சேரும். இரண்டையும் தேடிப் பாம்பு வரும். பாம்பை விரட்ட மருந்து தெளிப்பது, பூண்டு கரைத்து ஊற்றுவது எல்லாம் காசுக்குக் கேடு. இரையையும் வழியையும் அடைத்தால் போதும்.

வழி என்றால் முதலில் கதவின் அடி. அங்கே 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குட்டிப் பாம்பு நுழையும். ரப்பர் பட்டை அடித்துவிடலாம். குளியலறைத் தண்ணீர் போகும் குழாயின் வெளிவாயில் கம்பி வலை வேண்டும். உள்ளே மட்டும் சல்லடை போட்டுவிட்டு வெளியே திறந்து விடுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கும் தவறு. அறைச் சுவரைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லும் செடியும் இல்லாமல் சரளை பரப்புங்கள். கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள். விறகைத் தரையில் போடாமல் ஒரு முழ உயரப் பலகையில் அடுக்குங்கள். நடைபாதை விளக்கு வெள்ளையாக இருந்தால் பூச்சி மொய்க்கும், பூச்சிக்குத் தவளை வரும். மஞ்சள் விளக்கு போட்டால் இது பெருமளவு குறையும்.

நீச்சல் குளம் இருந்தால், விருந்தினர் இறங்கும் முன் தினமும் காலையில் குப்பையைப் பிடிக்கும் வடிகூடையைப் பாருங்கள். இரவில் விழுந்த பாம்பு வழவழப்பான சுவரில் ஏற முடியாமல் அங்கேதான் ஒண்டியிருக்கும். மூடியைக் கம்பால் திறக்க வேண்டும். கையை விடக் கூடாது.

மே 10

தேனீ. ஒற்றை அடையாக, மூடாமல், பாறை முகட்டிலும் உயர்ந்த மருதமரக் கிளையிலும் பாலத்தின் அடியிலும் தொங்குவது மலைத்தேனீ. விடுதி வளாகத்தில் நீர்த்தொட்டிக்கு அடியிலும் கட்டும். கல்லெறி, கேம்ப்ஃபயர் புகை, பட்டாசு, கூட்டின் அருகே பறக்கும் ட்ரோன், இதில் எது நடந்தாலும் கூடே கிளம்பிவிடும். ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்தில் வரும் வாடை மற்றவற்றைக் கூப்பிடும். அதனால் நின்று தட்டிவிடக் கூடாது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு மூடிய அறைக்கோ வண்டிக்கோ ஓட வேண்டும். தண்ணீருக்குள் குதிப்பது உதவாது. தலை தூக்கும் வரை மேலேயே சுற்றும்.

கொடுக்கை நகத்தாலோ அட்டை விளிம்பாலோ உடனே வழித்தெடுங்கள். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதே முக்கியம். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ ஒரே ஒரு கொட்டுதான் என்றாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். மரப்பொந்தில் கட்டும் கடந்தைக் குளவிக்கும் இதே விதிதான்.

மே 17

2024-இல் இதே தேதியில்தான் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனது. அருவிக்கரையில் வெயில் அடிக்கலாம். மலை உச்சியில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தெளிந்த நீர் கலங்கல் ஆவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவிச் சத்தம் கனப்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் எல்லாரையும் மேலேற்றிவிட வேண்டும். செருப்பையும் சோப்பையும் எடுக்கத் திரும்பக் கூடாது.

வெள்ளம் வடிந்த மறுநாளும் கரை பாதுகாப்பாக இராது. வளைகளில் நீர் புகுந்து வெளியேறிய பாம்பு, தேள், பூரான் எல்லாம் கரை ஒதுங்கிய குப்பைக்குள் இருக்கும். அதை வாருகோலால், பூட்ஸ் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். கசத்தின் ஆழமும் மாறியிருக்கும். போன வாரம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வாரம் தலைக்கு மேலே போகலாம்.

மே 31

பள்ளி விடுமுறை முடியப் போகிறது. குரங்குக் கடி அதிகம் நடக்கும் நாட்கள் இவை. அகத்தியர் அருவியிலும் குற்றாலத்திலும் நாட்டுக்குரங்குக்கு மனிதர் கையில் இருக்கும் பையே சாப்பாட்டுத் தட்டு. கொடுத்துப் பழக்கியது நாம். கொடுக்காதவரைக் கடிக்கிறது, அவ்வளவுதான். பால்கனியில் தின்பண்டம் வைக்காமல் இருப்பதும், ஜன்னலுக்குக் கம்பி வலை அடிப்பதும், குப்பைத் தொட்டிக்குக் கொக்கி போட்ட மூடி வைப்பதும் விடுதி செய்ய வேண்டியவை. மூடி வெறுமனே கனமாக இருந்தால் குரங்கு புரட்டிவிடும், கொக்கி வேண்டும். பை பறிபோனால் விட்டுவிடச் சொல்லுங்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பதும் கண்ணை உற்றுப் பார்ப்பதும் குரங்குக்குச் சண்டைக்கு அழைப்பு.

கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் வெறிநோய்த் தடுப்பூசி, முதல் ஊசி போடும் நாளை 0 என்று எண்ணி, 0, 3, 7, 28 ஆம் நாட்களில் வரும். ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் முதல் ஊசியோடு ஊர் திரும்பி மற்றதை மறந்துவிடுவார்கள். தேதிகளை எழுதிக் கையில் கொடுங்கள்.

ஜூன் 14

2016-இல் இதே நாள். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில், டிஸ்னியின் ஒரு விடுதிக்கு முன்னால் உள்ள ஏரிக்கரையில், இரவு ஒன்பது மணி வாக்கில், இரண்டு வயதுக் குழந்தையை அலிகேட்டர் முதலை இழுத்துப் போனது. தகப்பன் தண்ணீரில் பாய்ந்தும் மீட்க முடியவில்லை. அந்தக் கரையில் பலகை இருந்தது. "நீந்தக் கூடாது" என்று மட்டும் எழுதியிருந்தது. குழந்தை நீந்தவில்லை. விளிம்பில், காலளவு தண்ணீரில் நின்றது. மணல் கொட்டி அழகுபடுத்திய கரையைப் பார்த்த பெற்றோர் பலகையை மீறியதாக யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் அங்கே முதலையும் பாம்பும் உண்டு என்று எழுதிய பலகைகளும், கயிறும், பாறைத் தடுப்பும் வந்தன.

நம் பக்கத்துப் பலகைகளைப் பாருங்கள். "ஆபத்தான பகுதி", "குளிக்கத் தடை", "மீறினால் நடவடிக்கை". எதனால் ஆபத்து என்று சொல்வதில்லை. காரணம் தெரியாத தடையை ஜனங்கள் அதிகாரத் தொந்தரவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அணைநீரில் சதுப்பு முதலை உண்டு. ஆழத்தில் நீந்துகிறவரைத் துரத்திப் பிடிப்பது அதன் வழக்கமில்லை. விளிம்பில் மூக்கும் கண்ணும் மட்டும் தெரியக் கிடந்து, தண்ணீர் குடிக்க வரும் மிளாவையும் மானையும் எதிர்பார்த்திருக்கும். பாத்திரம் கழுவக் குனிகிறவரும், கால் நனைக்கும் குழந்தையும் அதே உயரத்தில், அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். அந்தி மங்கிய பிறகு அது இன்னும் சுறுசுறுப்பு. முட்டையும் குஞ்சும் உள்ள கோடை மாதங்களில் தாய் முதலை கரையிலேயே காவல் இருக்கும்.

ஆகவே பலகை இப்படி இருக்கட்டும்: "இந்த நீரில் முதலை உண்டு. விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் கரைக்கு வராதீர்கள். மீன் கழிவு, இறைச்சி, சோறு தண்ணீரில் போடாதீர்கள்." மேலே முதலையின் படம். எழுத்து இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையாமல், தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். சாரல் சீசனில் கேரள வண்டிகள் நிறைய வரும். வாசலில் ஒன்று வைத்தால் யாரும் படிப்பதில்லை. தண்ணீருக்கு இறங்கும் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையிலும் வையுங்கள். முதலை இல்லாத ஆற்றுப் பகுதியில் முதலைப் படம் மாட்டவும் கூடாது. ஒரு பலகை பொய் என்று தெரிந்தால் அடுத்த பலகையையும் நம்ப மாட்டார்கள். அங்கே கசம் இருந்தால் கசம் என்றே எழுதுங்கள், எத்தனை ஆள் ஆழம் என்பதோடு.

எழுதியது போதாது. அறைச் சாவி கொடுக்கும்போது வாயாலும் சொல்ல வேண்டும். "சார், அந்தப் பக்கம் முதலை இருக்கு, பிள்ளைகளை விட்டுராதீங்க" என்று சொல்ல ஐந்து விநாடி போதும். வியாபாரம் கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது மகா தவறு.

ஜூலை 5

சாரல் பிடித்துவிட்டது. அட்டைக்குப் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் உப்போ புகையிலைத் தண்ணீரோ தடவினால் போதும். கடித்துக்கொண்டிருந்தால் நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட ஒன்றுமில்லை.

பாம்புக்கடிக்குத்தான் இந்த மாதம் தயாராக இருக்க வேண்டும். சமவெளியில் உயிருக்கு ஆபத்தானவை முக்கியமாக நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து இந்த நான்குக்குமானது. மலைச்சரிவுச் சருகில் கிடக்கும் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. அதனால் காட்டுப் பாதையில் கணுக்கால் மூடும் ஷூ கட்டாயம்.

கட்டுவிரியன் தனிக் கதை. இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலிக்காது, பல் தடம் சில சமயம் தெரியவே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்குதல், நாக்குக் குழறல் என்று வரும். முந்தின நாள் பரோட்டா சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நேரத்தைப் போக்கிவிடுவார்கள். நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் பாய் விரிக்கும் சீசன் இது. தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலை கொடுத்து, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகச் சொல்லுங்கள். இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறில்லை.

கடித்துவிட்டால்: மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான துணி எல்லாம் கழற்றுங்கள், வீக்கம் வரும் முன். கடிபட்ட கையையோ காலையோ ஒரு தப்பையோடு (மரச்சட்டம்) சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஆடாமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. பாம்பை அடித்து எடுத்துவரப் போய் இரண்டாவது ஆள் கடிபடுவது அடிக்கடி நடக்கிறது. தூரத்திலிருந்து போனில் படம் கிடைத்தால் சரி, இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மருத்துவமனையில் இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம். மருந்து பொதுவாக 10 குப்பியில் தொடங்கும். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. பாபநாசம் பக்கத்துக்கு அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைதான் கிட்டம். மூச்சு தளர்ந்தால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிளம்பும்போதே போனில் சொல்லிவிடுங்கள்.

ஜூலை 19

ஆடி அமாவாசைக்கு ஐந்து நாள். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். கோயில் இருப்பது புலிகள் காப்பகத்துக்குள். அடிவார விடுதிகளும் இந்த வாரம் நிரம்பும், எச்சில் இலையும் குவியும். எச்சிலுக்குப் பன்றியும் நாயும் வரும், நாயைத் தூக்கச் சிறுத்தை வரும், எண்ணெய் வாடைக்குக் கரடி வரும். கழிவை அன்றன்றே, இருட்டும் முன் அப்புறப்படுத்துங்கள். இரவு குழியில் போட்டு மறுநாள் மூடலாம் என்று விடுவதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

கரடியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் கடையம் பக்கம் ஒரே கரடி, ஒருவரையும் அவரைக் காப்பாற்ற ஓடியவர்களையுமாக மூன்று பேரைக் குதறியது. அதற்குக் கண்ணும் காதும் மந்தம், மோப்பம் அபாரம். நாம் கிட்டே போகும்வரை தெரியாது; தெரிந்ததும் மிரண்டு பாயும், முகத்தைத்தான் குறிவைக்கும். ஆகவே விடியும் முன்னும் அந்திக்குப் பின்னும் தனியே நடக்காமல், டார்ச்சோடு, சத்தமாகப் பேசிக்கொண்டு போக வேண்டும். எதிர்ப்பட்டால் ஓடாமல், திரும்பாமல் பின்னால் நகருங்கள். மரம் ஏறுவதில் பயனில்லை, அதுவும் ஏறும். பாய்ந்தே விட்டால் குப்புற விழுந்து, இரு கைகளையும் பிடரியில் கோத்து முகத்தைத் தரையில் புதையுங்கள்.

சிறுத்தைக்கு, குனிந்து உட்கார்ந்த உருவம் இரை மாதிரித் தெரியும். இருட்டில் குழந்தைகளை வெளியே ஒதுங்க அனுப்பாதீர்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஆகஸ்ட் 16

உவரி, கூடுதாழை, இடிந்தகரைக் கடற்கரைக்கும் ஒரு வார்த்தை. மீனவர்கள் சொறி என்று சொல்லும் இழுதுமீன் (ஜெல்லிமீன்) பட்டால் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீரும் மணல் தேய்ப்பும் ஒட்டியிருக்கும் கொட்டணுக்களை மேலும் வெடிக்க வைக்கும். இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் 20 முதல் 40 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். திருக்கை முள் குத்தினாலும் வெந்நீர்தான், இன்னும் கூடுதல் நேரம். சூட்டை உதவுகிறவர் தம் கையால் பார்க்க வேண்டும். வலியில் இருப்பவருக்குக் கொதிப்பது தெரியாது. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை தானே விலகிப் போகும்.

செப்டம்பர் 6

வரவேற்பு மேசைப் பெட்டியைச் சீசன் முடிவில் திறந்து பார்க்கும் நாள். தப்பைக்கு இரண்டு மரச்சட்டம், ஆறு அங்குலக் கட்டுத்துணி நான்கு, சோப்பு, இடுக்கி, டார்ச்சும் தனியே பேட்டரியும், வெந்நீர் பார்க்க வெப்பமானி, மூன்று மொழி எச்சரிக்கைத் தாள். மூடியின் உட்புறம் 108, அம்பாசமுத்திரம் மருத்துவமனை, வனத்துறைச் சரக அலுவலகம் ஆகியவற்றின் எண்கள். போன் சிக்னல் எந்த இடத்தில் நின்றால் கிடைக்கும் என்பதும் அங்கேயே எழுதியிருக்க வேண்டும். பெட்டியில் ஒரு மார்க்கர் பேனாவும் போடுங்கள்: கடித்த நேரத்தையும், அந்த நேரத்தில் வீக்கம் எதுவரை இருந்தது என்ற கோட்டையும் தோலிலேயே போட்டு அனுப்பினால் மருத்துவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கும்.