பத்மினியை ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்த அனுபவம்

பழைய காரை வேகமான காராக மாற்றப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, என்ன என்ஜின் போடப் போகிறாய் என்பதுதான். என் பிரீமியர் பத்மினிக்கு மாருதி ஜிப்ஸி ஜீப்பின் என்ஜின் போட்டேன். ஆனால் மொத்த வேலையில் என்ஜின் சுலபமான பகுதி. பாடியும் பிரேக்கும்தான் பணத்தையும் நேரத்தையும் தின்றன. கார் இன்று வளைவில் நம்பிக்கையோடு திரும்புகிறது என்றால் அதற்கும் அவைதான் காரணம். அதனால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பத்மினியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் அடிப்படை அமைப்பு. பின்சக்கர இயக்கம். முன்பக்கம் சக்கரத்தை மேலும் கீழும் இரு கைகளாகப் பிடிக்கும் இரட்டை விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும். தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சுமையைத் தாங்கும் மோனோகாக். 1953இல் இத்தாலியில் வந்த ஃபியட் 1100இன் வாரிசு இது. மும்பை குர்லாவில் அதே அடிப்படையை வைத்துப் பல பத்தாண்டுகள் தயாரித்தார்கள். எடை 900 கிலோவை ஒட்டித்தான் வரும். சென்னை அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஃபியட்டுகள் அங்கே ஓடியிருக்கின்றன என்பதும் எனக்கு ஒரு காரணம். நம்மைப் பொறுத்தவரை பத்மினி கல்யாணக் காராகவும் டாக்சியாகவும் மட்டும் இருந்த வண்டியில்லை.

ஆரம்பிக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிட்டேன்: இது ரோட்டில் ஓடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேறு கம்பெனி என்ஜினைப் போட்டுக்கொண்டு கோவை அவினாசி ரோட்டில் போனால், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். அதனால் ஆர்சியை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்தேன். டிராக்குக்கு ரெக்கவரி லாரியில்தான் போகும், வரும். இந்த முடிவை முதலிலேயே எடுத்தது நல்லதாகப் போயிற்று. ஹெட்லைட், வைப்பர், பின்சீட், ஹீட்டர் எதைப் பற்றியும் அப்புறம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பாடி வேலைக்கு வந்த டிங்கர் அண்ணன் ஃபியட்டுகளோடு வாழ்ந்தவர். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, ஸ்குரூ டிரைவரின் பிடியால் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது. புட்டி வைத்த இடம் மண்தரை மாதிரி மொத்தென்றது. அங்கே சாக்பீஸால் கோடு போட்டார். அவர் முடித்தபோது வண்டியின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளைக் கோடாக இருந்தது. “தம்பி, என்ஜின எப்ப வேணா தூக்கி வெச்சுக்கலாம். இந்தப் பாடிய இப்ப விட்டா அப்புறம் புடிக்க முடியாது” என்றார்.

மோனோகாக் வண்டியில் ரன்னிங் போர்டு என்பது அழகுக்கு வைத்த தகடு இல்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கட்டிவைத்திருக்கும் பெட்டி அது. அது துருப்பிடித்திருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர் போட்டாலும் பாடிதான் முதலில் முறுக்கும். ஷாக் அப்சார்பருக்கு வேலையே இருக்காது. ஆகவே இரண்டு பக்கமும் வெளித்தகடு, உள்தகடு, தரைத்தகட்டின் ஓரம் என எல்லாவற்றையும் வெட்டி எடுத்துப் புதிதாக மடித்துப் போட்டோம். வெட்டும் முன் கதவு இடைவெளிக்குள் குறுக்காகக் குழாய்களை டேக் (தற்காலிகமான சின்ன வெல்டு) வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெட்டியதும் பாடி தொங்கிவிடும், பிறகு கதவே மூடாது. கேஸ் வெல்டிங் வேண்டாம், சிஓ2 வெல்டிங்தான் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். கேஸ் வெல்டிங்கின் சூடு பரவி மெல்லிய தகட்டை நெளித்துவிடும். தொழிற்சாலையில் புள்ளி வெல்டு வைத்த இணைப்புகளின் மேல் சிறு சிறு துண்டாகத் தையல் போட்ட மாதிரி வெல்டிங் ஓட்டினோம். பாடி விறைப்பாக நிற்க இது மிகவும் உதவும்.

அதற்கு மேல் ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு. இதில் சிக்கனம் கூடாது. பைப் கடையில் கிடைக்கும் தண்ணீர்க் குழாயை வளைத்துக் கேஜ் என்று வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விபத்தில் அது மடங்கி ஓட்டுநரையே குத்தும். சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும் உள்ள சீம்லெஸ் எஃகுக் குழாய் வேண்டும், அல்லது 50 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. கனம். அதன் கால் ஊன்றும் இடத்தில் பாடித் தகட்டின் மேல் குறைந்தது 3 மி.மீ. கனத்தில், 120 சதுர செ.மீ. பரப்பில் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். புதிய ரன்னிங் போர்டின் மேலேயே அந்தக் கால்களை இறக்கினோம். கேஜ் ஏறிய பிறகு ஒரு மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தோம். முன்சக்கரம் எழும்பும்போதே அதே பக்கத்துப் பின்சக்கரமும் கூடவே எழும்பியது. கதவு முன்பு போலவே திறந்து மூடியது. அன்றைக்குத்தான் இந்தக் கார் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

என்ஜினைப் பற்றி. பத்மினியின் சொந்த என்ஜின் 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1089 சிசி, 40 பிஎச்பி சொச்சம். இத்தாலியில் 1100டி மாடலுக்கு இதே ஸ்ட்ரோக்கில் போரை 72 மி.மீ. ஆக்கி 1221 சிசி எடுத்தார்கள். அந்த வழியில் போய், ஹெட்டை இழைத்து, கேம் ஷாஃப்டை மாற்றி, இரட்டை கார்புரேட்டர் வைத்தால் நன்றாகவே ஓடும். அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். டிராக்கில் விடாமல் நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு மேல் இழுக்க எனக்கு மனசு வரவில்லை. ஜிப்ஸியின் 16 வால்வு என்ஜின் 1298 சிசி, 80 பிஎச்பி, அலுமினிய பிளாக், ஐந்து மெயின் பேரிங். வார்ப்பிரும்பு பிளாக்கை எடுத்துவிட்டு இதை வைத்தால் முன்பக்க எடையும் குறையும்.

மாருதி எஸ்டீம் காரிலும் இதே குடும்பத்து என்ஜின்தான். ஆனால் அதில் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டும். ஜிப்ஸியில் நெடுக்காக நிற்கும். இன்னொரு வசதி, ஜிப்ஸியில் நான்கு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் இருக்கும். அதைக் கழற்றினால் ஐந்து கியர் பாக்ஸ் தனியாகக் கைக்கு வந்துவிடும். அதன் பின்னாலிருந்து நேராக, இரு பின்சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு ஜாயின்ட் ஷாஃப்ட் விடலாம். பின்சக்கர இயக்கக் காருக்கு இந்த அமைப்பு பொருந்தும் என்பதால் விரும்பித்தான் இதை எடுத்தேன்.

பொருத்திப் பார்க்க முழு என்ஜின் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் ஒரு காலி பிளாக்கும் உடைந்த கியர்பாக்ஸ் உறையும் வாங்கி அவற்றை வைத்தே அளவெடுத்தோம். இரண்டு பேர் கையாலேயே தூக்கி வைத்து எடுக்க முடிந்தது. என்ஜின் ஆயில் நிற்கும் சம்ப் கீழே குறுக்குச் சட்டத்தில் முட்டியது. சட்டத்தைத் தொடாமல் சம்ப்பை வெட்டி, ஆழத்தைப் பின்னால் தள்ளி, ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப நீட்டினோம். உள்ளே தடுப்புத் தகடுகளும் வைத்தோம். நீளமான வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும்.

ஜாயின்ட் ஷாஃப்டில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது வெளியே வரும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். மறுமுனை ஜாயின்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். அதாவது ஷாஃப்டை போல்ட் போடும் கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சும் டிஃபரன்ஷியலின் பினியன் ஃபிளாஞ்சும் இணையாக நிற்க வேண்டும், ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் யோக்குகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஓட்டுநர் எடைக்குச் சமமாகச் சீட்டில் சிமெண்ட் மூட்டை வைத்து, வண்டி தன் உயரத்தில் நிற்கும்போது கோணமானியால் இரண்டு முகத்தையும் அளந்த பிறகே என்ஜின் மவுண்ட்டை வெல்டு வைத்தோம். ஒரு முனையில் ஜிப்ஸி ஃபிளாஞ்ச், மறுமுனையில் ஃபியட் ஃபிளாஞ்ச். நடுக்குழாயைக் கோவையிலேயே லேத்தில் கடைந்து பேலன்ஸ் பார்த்துத் தந்தார்கள். கணபதியிலும் பீளமேட்டிலும் இந்த மாதிரி வேலைக்கு ஆள் கிடைப்பது எங்கள் ஊரின் கொடுப்பினை.

பிரேக்கில் இன்னும் கவனமாக இருந்தேன். பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம். முன்னால் எஸ்டீம் டிஸ்க்கும் அதைப் பேடால் கவ்வும் காலிப்பரும் வைக்க, ஹப்பைக் கடைந்து ஒரு அடாப்டர் வளையமும் 10 மி.மீ. தகட்டில் பிராக்கெட்டும் செய்தோம். அது வெறும் லேத் வேலை. சிக்கல், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், பெடலை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்க ஒரு சின்ன வால்வு இருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் கப் ஒழுகாமலிருக்க அது தேவை. அதையே டிஸ்க்குக்குக் கொடுத்தால் பேட் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், சூடேறி ஆயில் கொதித்துவிடும். தவிர, காலிப்பருக்கு ஆயில் அதிகம் வேண்டும், அழுத்தமும் அதிகம் வேண்டும். அதனால் பழையதை அப்படியே விலக்கிவிட்டு, முன் பின் என்று இரண்டு தனிச் சுற்றுள்ள மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் வைத்தோம். ஒரு லைன் வெடித்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும். பின்னால் டிரம்மே இருக்கட்டும் என்று விட்டோம், ஆனால் அந்த லைனில் அழுத்தத்தைக் குறைக்க ஒரு திருகு வால்வு போட்டிருக்கிறோம். ஓங்கி பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும். லேசாகிப்போன பின்சக்கரம் லாக் ஆனால் வண்டி சுற்றிக்கொண்டு போகும்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் அப்படியே இருக்கிறது. ஆக்சில் முறுக்கிக்கொண்டு குதிக்காமலிருக்க இருபக்கமும் தாங்கு கம்பிகள் சேர்த்தோம். முன்சக்கரம் திரும்பும் கிங்பின்னின் புஷ் எல்லாம் புதிது. பெட்ரோலுக்கு ஹை பிரஷர் பம்ப், வளைவில் வறண்டுபோகாமலிருக்க ஒரு குட்டி இடைத்தொட்டி. ஒயரிங்கும் பெயிண்டும் சீக்கிரமே முடிந்தன, சொல்ல ஒன்றுமில்லை.

முடிந்ததும் எடை மேடைக்குக் கொண்டுபோனோம். முழு வண்டி 800 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அப்புறம் முன்சக்கரம் மட்டும், பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க வைத்துப் பார்த்தோம். பேட்டரியை டிக்கிக்கு மாற்றியதும், என்ஜினைக் கொஞ்சம் பின்னால் தள்ளியதும் அந்தக் கணக்கில் தெரிந்தன. லாரிக்காரர்கள் வரிசையில் பொறுமையாக நின்று கேஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

முதல் ஓட்டம் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். 2.1 கி.மீ. டிராக், வளைவுகள் நெருக்கமானவை. என்ஜினின் முழு பலத்தைவிடப் பிரேக்கும் திருப்பமும்தான் அங்கே பேசும். நேர்ப்பாதை முடிவில் பெடலை மிதித்தபோது வண்டி கோடு பிசகாமல் நின்றது. திருகு வால்வை இரண்டு மூன்று இடத்தில் மாற்றிப் பார்த்து, பின்சக்கரம் லாக் ஆவதற்குச் சற்று முன் நிறுத்தினோம். வளைவுக்குள் பாடி ஒரே துண்டாக நிற்பது ஸ்டியரிங்கில் தெரிகிறது. அந்தப் பழைய ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து இவ்வளவு செய்தி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. இறுக்கமான வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கப் பின்சக்கரம் எடை இல்லாமல் சும்மா சுழல்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் பலத்தை அந்தச் சக்கரத்துக்கே வீணாக்குகிறது. அதற்காக ஒரு உதிரி ஹவுசிங் வாங்கி பட்டறையில் வைத்திருக்கிறேன். லேத் அண்ணன் கிரவுன் பினியனைக் கழற்றிப் பல்லைப் பார்த்துவிட்டு, சும்மா சுழலும் சக்கரத்தைப் பிடித்துவைக்க உள்ளே கிளட்ச் பிளேட் வைக்க இடம் கிடைக்குமா என்று அளந்துகொண்டிருக்கிறார்.