அறையில் லப்டொப், ஹோலில் பாட்டு

கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு ஹோலில் ஒரு பழைய ஸ்டீரியோ செற் இருக்கிறது. பெரியப்பா ஜேர்மனியிலிருந்து கப்பலில் போட்டு அனுப்பியது. யப்பான் அம்பிளிபயர், இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். சத்தம் என்றால் அதுதான் சத்தம். ஆனால் அது செய்யப்பட்ட காலத்தில் புளூடூத்தும் இல்லை, வைஃபையும் இல்லை. பின்பக்கம் சிவப்பு வெள்ளைத் துளைகள் மட்டும்தான். பாட்டெல்லாம் என் லப்டொப்பில். லப்டொப் என் அறையில். நடுவில் சீமெந்துக் கல்லுச் சுவர் இரண்டு.

வயர் இழுத்துப் பார்க்காமல் இல்லை. கதவு நிலைக்கு மேலால் கொண்டுபோய்ச் செற்றில் செருகினால் பாடும்தான். ஆனால் லப்டொப் சார்ஜரில் இருக்கும்வரை பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும். சார்ஜருக்கு எர்த் ஒரு பக்கத்தால் வருகிறது; செற்றோடு ரீவியும் டிஷ் அன்ரனாவும் தொடுத்திருப்பதால் அந்தப் பக்கத்தாலும் எர்த். இரண்டையும் பாட்டு வயர் இணைத்ததும் ஒரு வளையம் உருவாகி, 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் அதற்குள் புகுந்து இரைகிறது. வயரை நீக்கினால் அந்தத் தொல்லை தானாகவே தீரும் என்பது வயரில்லா முறையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம்.

அடுத்தது புளூடூத். சின்ன ரிசீவர் ஒன்றைச் செற்றின் பின்னால் தொடுத்தால் லப்டொப் அதோடு நேரே கதைக்கும். செற்றும் கொம்பியூட்டரும் ஒரே அறைக்குள் என்றால் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கேட்கிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் சரிவரவில்லை. இரண்டு சுவரைத் தாண்டும்போது பாட்டு விக்கியது. போதாக்குறைக்கு லப்டொப்பின் எல்லாச் சத்தமும் அதால்தான் போகும். அப்பா கண்ணை மூடி அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்கு மெயில் வந்தால் ஹோல் முழுக்க 'டிங்'. தரம் குறையும் என்று பலர் சொல்கிறார்கள். புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசி செக்கனுக்கு ஏறத்தாழ 328 கிலோபிட்டோடு நிற்கிறது, சிடிக்கு 1411 வேண்டும் என்பது உண்மைதான். என் காதுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. விக்கலைத்தான் பொறுக்க முடியவில்லை.

மொறட்டுவையில் படிக்கிற மருமகன் லீவில் வந்திருந்தான். "மாமா, புளூடூத்தோட மல்லுக்கட்டாதேங்கோ. வீட்டில வைஃபை இருக்குத்தானே, அதால அனுப்புவம்" என்றான்.

அம்மாவுக்கு உடனே பயம் வந்துவிட்டது. "உது ஓட ஓட டேற்றா முடியாதோ தம்பி?"

இந்தக் கேள்வியை அம்மா மட்டும் கேட்கவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து பார்த்த எல்லோரும் கேட்டார்கள். இங்கே பெரும்பாலும் எல்லார் வீட்டிலும் சிம் போட்ட 4ஜி றவுட்டர். கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் டேற்றா பாவிக்கிறோம். அதனால் வைஃபை என்றாலே காசு என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் லப்டொப்பிலிருந்து செற்றுக்குப் போகிற பாட்டு வீட்டு றவுட்டரோடு திரும்பிவிடும், டவருக்குப் போகாது. சிடி தரத்தில் ஒரு மணி நேரம் பாடினால் ஏறத்தாழ 635 எம்பி வீட்டுக்குள் ஓடும். அதில் ஒரு எம்பிகூட உங்கள் பைக்கேஜில் கழியாது. சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டாலும் பாடும். அம்மாவுக்கு அப்படிக் கழற்றிக் காட்டித்தான் நம்பவைத்தேன். இணைய வானொலி கேட்டால் மட்டும் டேற்றா போகும். 128 கிலோபிட் நிலையம் என்றால் மணிக்கு 58 எம்பி அளவில்.

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. மருமகன் படிப்புக்குப் பாவித்து ஓரமாய் வைத்திருந்த ராஸ்பெரி பை 3 (வைஃபையால் வரும் பாட்டை வாங்கிச் செற்றுக்குக் கொடுக்கப்போகிற உள்ளங்கை அளவுக் கொம்பியூட்டர்; இனி 'பை'), ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்ட், எஸ்டி கார்ட், ஒரு முனையில் ஹெட்போன் பின்னும் மறுமுனையில் சிவப்பு வெள்ளைப் பின்னும் உள்ள வயர். சவுண்ட் கார்ட்டை அவன் கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி வந்தான். பையிலேயே ஹெட்போன் துளை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் பாட்டு மெதுவாகிற இடங்களில் 'ஸ்ஸ்' என்று இரைகிறது. சின்ன ஸ்பீக்கரில் தெரியாது. நல்ல செற்றில் குத்திக் காட்டிவிடும்.

வயரைச் செருகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அம்பிளிபயரின் பின்னால் ஃபோனோ என்று எழுதியிருக்கும் துளை இதற்கில்லை. அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வருகிற சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. வருவதைப் பலமடங்கு பெருக்கி, அடித்தொனியையும் ஏற்றிவிடும். சிடி அல்லது ஓக்ஸ் என்று எழுதியதில் செருகினால் போதும்.

பைக்குக் கொடுக்கிற கறண்டிலும் கஞ்சத்தனம் கூடாது. பை 3க்கு 5 வோல்ட், 2.5 அம்பியர் சொல்லியிருக்கிறார்கள். கையில் அகப்பட்ட போன் சார்ஜரையும் மெல்லிய நீள வயரையும் மாட்டினால், பாட்டு நடுவில் அறுந்து அறுந்து வரும். வைஃபைதான் பிழை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மென்பொருளைத் தெரிவு செய்ததில் எங்கள் ஊர்க் கறண்டுக்குத்தான் முக்கிய பங்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கறண்ட் வெட்டினார்கள். இப்போது அந்த நிலைமை இல்லை. என்றாலும் ஒரு காற்று மழைக்கு நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கிற பையின் கறண்ட் திடீரென்று நின்றால், அந்த நேரம் எஸ்டி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால், கார்ட் கெட்டுப்போகலாம். அதனால் பைகோர்பிளேயர் என்ற இலவச மென்பொருளை எடுத்தோம். டைனி கோர் லினக்ஸின் மேல் செய்தது. தொடங்கும்போது கார்டிலிருந்து தன்னை முழுதாக நினைவகத்துக்குள் ஏற்றிக்கொள்ளும். அதன்பிறகு சும்மா கார்டைத் தொடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் பாதகமில்லை. ஒரு கொம்பியூட்டரை நிறுத்துவதுபோல் முறைப்படி நிறுத்திவிட்டுப் போகிற பொறுமை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லாததால் இது பெரிய ஆறுதல்.

கறண்ட் என்றதும் அப்பா தன் காலத்தைத் தொடங்கிவிடுவார். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரோடு சாய்த்து, ஒருவர் பெடலைச் சுற்றச் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்பார்கள். "கை ஓஞ்சால் செய்தியும் ஓஞ்சிடும்" என்பார். இந்த வன்னியில் பாட்டுக் கேட்கக் கார்ட் கெடுமா கெடாதா என்று நான் யோசிப்பது அவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

சரி, லப்டொப்புக்கு வருவோம். அதில் போட்டது லைரியன் மியூசிக் சேர்வர். இதற்கு ஒரு கதை உண்டு. ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனம் ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற, வலையமைப்பால் பாட்டு வாங்கிப் பாடும் தன் பெட்டிகளுக்காக எழுதிய மென்பொருள் இது. 2006 இல் லொஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012 இல் ஸ்குவீஸ்பொக்ஸை நிறுத்திவிட்டது. பெட்டி போனாலும், திறந்த மூல மென்பொருள் ஆனபடியால் ஆர்வலர்கள் அதை விடவில்லை. 2024 இலிருந்து லைரியன் என்ற பெயரோடு உயிரோடு இருக்கிறது. பாட்டுக் கோப்புறை எங்கே என்று காட்டினால் எல்லாவற்றையும் பட்டியலிடும். பைக்குள் இருக்கும் ஸ்குவீஸ்லைட் என்ற சின்ன நிரல் அதனிடமிருந்து பாட்டை வாங்கிச் சவுண்ட் கார்ட்டுக்குக் கொடுக்கும். பாட்டுக் கோப்பு மட்டும்தான் போகும், லப்டொப்பின் 'டிங்' போகாது.

சொல்லும்போது இலேசு. போட்டு முடித்தபின் லப்டொப்பும் பையும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று தெரியாதவர்கள் மாதிரி இருந்தன. பையின் பக்கத்தை பிரவுசரில் திறக்க முடிந்தது; ஆனால் லைரியனின் பட்டியலில் பை வரவேயில்லை. காரணம் விண்டோஸ். வீட்டு வைஃபையை அது 'பொது' வலையமைப்பு என்று பதிந்து வைத்திருந்தது. பேருந்து நிலைய வைஃபையில் இருக்கிற மாதிரி, வெளியிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் திறக்காது. வைஃபை அமைப்புக்குள் போய் அதைத் 'தனி' என்று மாற்றி, அந்தக் கதவைக் காக்கிற ஃபயர்வோலில் லைரியனுக்கு 9000, 3483 என்ற இரண்டு போர்ட்களையும் (நிரல்கள் கதைக்கும் வாசல்கள்) திறந்துவிட்டதும் செற் பட்டியலில் வந்து நின்றது. 3483இல் டிசிபி, யூடிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளும் வேண்டும். அப்படியும் வராவிட்டால் றவுட்டருக்குள் ஏபி ஐசொலேஷன் என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்திப் பாருங்கள். ஒரே வைஃபையில் இருப்பவர்களை ஒருவரோடொருவர் கதைக்கவிடாமல் தடுப்பது அது.

பாட்டு வந்துவிட்டது. ஆனால் இடைக்கிடை நின்றது. இணையத்தில் தேடினால் எல்லோரும் சொல்வது, பக்கத்து வீட்டு வைஃபை இடிக்கிறது, சனலை 1, 6, 11 என்று மாற்றுங்கள் என்பதுதான். கொழும்பு அடுக்குமாடிக்கு அது சரி. பக்கத்து வீட்டு வைஃபை எங்கள் காணிக்குள் எட்டியும் பார்க்காது. எங்கள் பிரச்சினை அலுமாரி. டவர் இருக்கும் பக்கம் பார்த்து என் அறை யன்னலில் றவுட்டர் இருக்கிறது; வேறு இடத்தில் வைத்தால் சிக்னல் இல்லை. அதற்கும் ஹோலுக்கும் நேர்கோட்டில், மீளக்குடியேறியபின் அம்மா முதன்முதலாக வாங்கிய பெரிய பொருளான இரும்பு அலுமாரி. அதை நகர்த்தச் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. பையோ அம்பிளிபயரின் இரும்பு உடலுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. இரண்டு இரும்புக்கு நடுவில் வைஃபை எங்கே போகும்? பிரவுசரில் பையின் பக்கத்தைத் திறந்தால் சிக்னல் −80க்குக் கிட்ட நின்றது. இந்த எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. சவுண்ட் கார்ட்டிலிருந்து செற்றுக்குப் போகும் வயரை நீளமாக வாங்கி, பையை இடது பக்க ஸ்பீக்கருக்கு மேலே, கதவுப் பக்கமாகத் தூக்கி வைத்தேன். −62 ஆகிவிட்டது. அதன்பிறகு நிற்கவில்லை.

கறண்ட் நின்று வரும்போது பை எழும்பிவிடும், றவுட்டர் ஆறுதலாக எழும்பும்; பை தேடும்போது வைஃபை இருக்காது. இதற்கு றவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று. 2022க்குப் பிறகு எந்தக் கடையிலும் இருக்கிறது. லப்டொப்பின் மூடியைச் சாத்தினால் தூங்காதபடியும் மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பாட்டும் சேர்ந்து தூங்கும்.

எதிர்பாராமல் நேரத்தைத் தின்றது பாட்டுகளின் பெயர்கள். லைரியன் கோப்பின் பெயரைவிட உள்ளே எழுதியிருக்கும் விவரத்தைத்தான் காட்டும். ஒரு காலத்தில் சிடிக் கடைகளில் வாங்கிய பாட்டுகளில் அந்த விவரங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டதுதானே. முகமூடி இல்லாத இடத்தில் பாடகர் பெயர் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக நிற்கிறது. எம்பி3டேக் என்ற இலவச நிரலில் கோப்புகளைத் திறந்து, பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி ஒட்டிக்கொண்டே வருகிறேன். நாதஸ்வரம், தவில், பக்திப் பாட்டு முடிந்தது. சினிமாப் பாட்டுக் கோப்புறை மலைபோல் கிடக்கிறது, அதைத் தங்கச்சியிடம் தள்ளிவிட்டேன்.

இப்போது லப்டொப்பை நான் தொடுவதேயில்லை. அம்மா தன் போனில் பிரவுசரைத் திறந்து, அதில் குறித்துவைத்த பக்கத்தில் படத்தைத் தட்டினால் ஹோலில் பாடும். அப்பாவுக்கு அது வேண்டாம். "தம்பி, தவிலைப் போடு" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வார். கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தபோது அவர்களிடம் ஐபோன். பைகோர்பிளேயரில் ஷேர்போர்ட் என்ற பகுதியை இயக்கிவிட்டால், ஐபோனிலிருந்து சத்தத்தை அனுப்பும் ஏர்பிளே பட்டியலில் எங்கள் பழைய செற்றும் ஒரு பெயராக வரும். ஐபோனில் படம் பார்த்துக்கொண்டு சத்தத்தை மட்டும் இப்படி அனுப்பலாம் என்றாலும், பாட்டு விக்காமல் இருக்க இரண்டு செக்கன் அளவு முன்கூட்டியே சேர்த்து வைத்துத்தான் பாடுகிறது. படத்தை அதற்கேற்பப் பிந்த வைக்காத செயலி என்றால் உதடு ஒரு பக்கம், பேச்சு இன்னொரு பக்கம். கேம் விளையாட உதவவே உதவாது.

அடுத்து விறாந்தைக்கும் ஒன்று வைக்க நினைத்திருக்கிறேன். லைரியனில் இரண்டு பெட்டிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஒரே பாட்டு இரண்டு இடத்திலும் முன்பின் இல்லாமல் பாடும். பழைய பை ஒன்றுக்கு மருமகனிடம் சொல்லியாயிற்று. சின்ன அம்பிளிபயரும் இருக்கிறது. ஸ்பீக்கர்தான் இல்லை. கிளிநொச்சி, பரந்தன் பக்கம் யாரிடமாவது நல்ல மரப்பெட்டி ஸ்பீக்கர் சும்மா கிடந்தால் விலை சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.